காவிரிக் கரையில் காலை ஓட்டம்: பயனுள்ள 33 குறிப்புகள்

திருச்சிக்காரர்கள் ஓடுவதற்கு மைதானம் தேடி அலைய வேண்டியதில்லை. மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை என்று காவிரி ஊரை ஒட்டியே போகிறது. கரையில் மருதம், நாவல், புங்கன், தூங்குமூஞ்சி மரங்கள். அதைத் தாண்டினால் வாழைத் தோட்டம். ஏற்ற இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள் உய்யக்கொண்டான் வாய்க்கால், தஞ்சாவூரில் புதுஆறு என்று டெல்டா நெடுக ஏதாவது ஒரு கரை இருக்கிறது. எல்லா இடமும் ஓடத் தோதாக இருக்காது. நிழலுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே போதும், போய்த் திரும்பிப் போய்த் திரும்பி ஓடலாம்.

இந்தப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. மேடு வந்தால் மூச்சு வாங்கும், வேகம் தானாகக் குறையும். வெயில் சுட்டால் வீட்டுக்குத் திரும்பத் தோன்றும். சமதரையில், நிழலில், இந்த இரண்டு எச்சரிக்கையும் வராது. புதிதாக ஓடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறி ஓடி, இரண்டாவது வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான். கரை நமக்குக் கடிவாளம் போடாது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கீழே உள்ள குறிப்புகளில் பாதி அதற்காகத்தான்.

கிளம்பும் முன்

1. எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் அந்தப் பாதை முழுவதும் நடந்து பாருங்கள். வேர் எங்கே மேலே தெரிகிறது, பேவர் பிளாக் எங்கே பெயர்ந்திருக்கிறது, எந்தப் படித்துறைப் பக்கம் வண்டிகள் திரும்புகின்றன, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன, டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்து வைத்தால் மறுநாள் காலை நிம்மதியாக ஓடலாம்.

2. ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் சாக்ஸையே போட்டு அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூ ஓட்டத்துக்கு ஆகாது. குதிகாலுக்கு அதில் மெத்தையே கிடையாது.

3. ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரம் 20 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை வரும். மேல்துணி புதிதுபோல இருந்தாலும் உள்ளே மெத்தை அமுங்கிப் போயிருக்கலாம். இரண்டு ஷூவையும் மேசை மேல் வைத்துப் பின்பக்கமிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். குதிகால் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அடியில் வெளி ஓரத்தின் கோடுகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், அதை மார்க்கெட்டுக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள். ஓட வேறு வாங்குங்கள்.

4. ஷூவில் கணுக்காலுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும், பலரும் அதைத் தொடுவதே இல்லை. குதிகால் வழுக்கிக் கொப்புளம் வருகிறவர்களுக்கு அதுதான் மருந்து. லேஸை அந்த ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் சின்ன வளையமாக நிறுத்துங்கள். வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துப் பிறகு முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது, விரல்களும் நெரிபடாது.

5. முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், கொப்புளம் அங்கிருந்துதான் கிளம்பும். செயற்கை நூல் கலந்த, வியர்வை சீக்கிரம் காயும் சாக்ஸாகப் பாருங்கள். விரலிடுக்கு, உள்தொடை, அக்குள் என்று உரசும் இடங்களில் கொஞ்சம் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் இருக்காது.

6. பெண்கள் சாதாரண உள்ளாடையோடு ஓடினால் தோளும் முதுகும் வலிக்கும். சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றிரண்டு வாங்கிக்கொள்வது ஷூவுக்கு நிகரான அவசியம். தாலிச் செயினைக் கழற்ற விரும்பாதவர்கள் உடைக்குள் தள்ளி, உள்பக்கமாகச் சேஃப்டி பின் குத்திக்கொள்ளலாம். ஓட்டத்தில் ஆடாது, அடுத்தவர் கண்ணிலும் படாது.

7. சாக்ஸ், டி-ஷர்ட், துண்டு, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் ராத்திரியே ஒரு நாற்காலியில் எடுத்து வையுங்கள். அதிகாலையில் பீரோவைத் திறந்து மூடினால் வீடே விழித்துக்கொள்ளும், நமக்கும் கிளம்பும் மனம் போய்விடும். சின்ன ஜிப் கவரில் ஐம்பது ரூபாய், உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய சீட்டு ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் செல்போனும் அதற்குள்ளேயே போகட்டும்.

8. அரைமணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறு போதும். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் கிளம்ப அரைமணிக்கு முன்னால் ஒரு பூவன் பழம் சாப்பிடலாம். சின்னப் பழம், சீக்கிரம் செரிக்கும், திருச்சியில் எந்த மாதமும் கிடைக்கும். காபி குடித்துப் பழகியவர்கள் குடித்துவிட்டே போகலாம். ஆனால் குடித்ததும் கழிவறைக்குப் போகிற வழக்கம் இருந்தால் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கரையில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

9. சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதயச் சிகிச்சை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பார்த்து, 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ பொட்டலமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே நின்று வாயில் போட்டுக்கொள்ளலாம்.

நேரமும் காற்றும்

10. வருடம் முழுக்க ஒரே நேரத்துக்கு அலாரம் வைக்காதீர்கள். திருச்சியில் ஜூன் மாதம் ஆறு மணிக்குள் சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.40 ஆகும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கும். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிற நேரமே சரியான நேரம். அதற்கு முன்னால் போனால் கையில் டார்ச் இருக்கட்டும்.

11. விடியுமுன் மரத்தடியில் போனால் கரியமில வாயு தாக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். இரவில் மரங்கள் கரியமில வாயு விடுவது உண்மைதான். ஆனால் காற்றோட்டமான கரையில் மூச்சைப் பாதிக்கும் அளவு அது சேராது. இருட்டில் பயப்பட வேண்டியது வேருக்கும் பாம்புக்கும்தான்.

12. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திருச்சியில் பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் முதலில் மேற்கு நோக்கி, எதிர்காற்றில் ஓடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். காலையில் இப்படி ஓடினால் திரும்பும்போது சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும், அதனால் முன்விளிம்பு உள்ள தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

13. நிழல் இருந்தால் வியர்வை குறையும் என்று நினைக்க வேண்டாம். ஆற்றோரம் ஈரப்பதம் அதிகம். மரங்கள் காற்றை மறைத்தால் வியர்வை காயாமல் உடம்பிலேயே வழியும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், காற்றில்லாத புழுக்கமான காலை, இரண்டிலும் வழக்கமான வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

14. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. உயர்ந்த மரமும் தண்ணீரும் பக்கத்திலேயே இருப்பதால் மின்னல் நேரத்தில் ஆற்றங்கரை ஆபத்தான இடம். கட்டடம் அல்லது மூடிய கார் எது அருகில் இருக்கிறதோ அதற்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.

ஓடும்போது

15. முதல் ஐந்து நிமிடம் வேகமான நடை. பிறகு முழங்காலை உயர்த்தி நாலு தப்படி, குதிகாலைப் பின்பக்கம் தட்டி நாலு தப்படி, கணுக்காலைச் சுழற்றுவது என்று உடம்பைச் சூடாக்குங்கள். குனிந்து கால்விரலைப் பிடித்து நிற்கிற மாதிரியான இழுப்புப் பயிற்சிகளை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

16. வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டாம், வாயே போதும். கூட ஓடுகிறவரிடம், “நேற்று உங்க வீட்டுக்கு யார் வந்திருந்தாங்க?” என்று மூச்சு விடாமல் கேட்க முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அதிகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

17. புதியவர்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை செய்தால் 24 நிமிடம் ஆகிவிடும். வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். பிறகு நடையைக் குறையுங்கள். “இன்னும் ஓட முடியும்போல இருக்கே” என்று தோன்றும் நாளில்தான் நிறுத்திப் பழக வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மூச்சு பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக அதைவிட அதிக நாள் ஆகும்.

18. கிலோமீட்டரைத் துரத்தாமல் நிமிடத்தைக் கணக்கு வையுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே செல்போன் ஜிபிஎஸ் தடுமாறும், ஓடிய தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். கரைப் பாதையில் குறுக்கு வழியும் இல்லை, எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு தூரம் திரும்பியாக வேண்டும். 30 நிமிடம் ஓட நினைத்தால் 14-வது நிமிடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

19. சமதரை என்று பெயர்தான், மழைநீர் வடிவதற்காகக் கரையின் மேல்பகுதி பெரும்பாலும் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் விழுந்து, ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும். கூடுமானவரை நடுவில் ஓடுங்கள். முடியாவிட்டால் போகும்போது ஓடிய அதே ஓரத்திலேயே திரும்பி வாருங்கள். சரிவு அடுத்த காலுக்கு மாறி, கணக்கு நேராகிவிடும்.

20. மேடு பள்ளமுள்ள பாதையில் தசைகள் மாறி மாறி வேலை செய்யும். சமதரையில் ஒரே தசை, ஒரே அடி, ஆயிரக்கணக்கான முறை. அதை மாற்ற, இரண்டு மாதம் ஓடிப் பழகியவர்கள் வாரம் ஒரு நாள் நடுநடுவே 20 வினாடி வேகமாக ஓடி, இரண்டு நிமிடம் மெதுவாகப் போகலாம். இப்படி நான்கு முறை போதும். மண்தரையும் பேவர் பிளாக்கும் மாறி வரும் பாதையாக இருந்தால் இன்னும் நல்லது.

21. கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். முக்கால் மணிக்குள் முடித்துவிடுவதாக இருந்தால் மார்கழி, தையில் கையில் பாட்டில் வேண்டாம். பங்குனி முதல் ஆடி வரை கால் லிட்டராவது எடுத்துப் போங்கள். ஆற்று நீரை அள்ளிக் குடிக்கக் கூடாது. உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துகொள்ள, ஓடுமுன்னும் துண்டால் துடைத்த பின்னும் எடை பாருங்கள். அரை கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் போயிருக்கிறது, அதைச் சிறுகச் சிறுகக் குடித்து ஈடுகட்டினால் போதும். மடமடவென்று லிட்டர் கணக்கில் குடிப்பதும் நல்லதல்ல.

22. கரையில் இருசக்கர வண்டிகளும் வரும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். பாட்டுக் கேட்டே ஆகவேண்டும் என்பவர்கள் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளலாம். தனியாகப் போகும் பெண்கள் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஓடுங்கள். பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112.

கரையில் கவனிக்க வேண்டியவை

23. ஆனி, ஆடியில் நாவல் மரத்தடி முழுக்கப் பழம் உதிர்ந்து கிடக்கும். மிதித்தால் தோல் நசுங்கி வழுக்கும், உள்ளே இருக்கும் கொட்டை ஷூவுக்கு அடியில் உருளும். அந்த இருபது முப்பது தப்படியை நடந்தே கடந்துவிடுங்கள். ஊதாக் கறை படிந்த தரை தூரத்திலிருந்தே தெரியும். மழைக்குப் பிறகு நிழலிலுள்ள சிமென்ட் தரையில் பச்சைப் பாசி பிடித்திருக்கும், அங்கேயும் அப்படித்தான்.

24. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் படித்துறைக்கும் தாழ்வான மண்பாதைக்கும் போக வேண்டாம். ஓடிக் களைத்த காலோடு ஆற்றில் இறங்குவதும் வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது, களைத்த கால் தண்ணீரில் சுளுவாகப் பிடித்துக்கொள்ளும்.

25. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடினால் அதுவும் ஓடும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்டாதீர்கள்.

26. சருகுக் குவியலையும் புதரோரத்தையும் விட்டு விலகியே ஓடுங்கள். கண்ணாடிவிரியன் சருகோடு சருகாகக் கிடக்கும், நிறம் காட்டிக் கொடுக்காது. பாம்பு கடித்தால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றிவிட்டுக் கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை.

27. நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, படபடப்போடு கண் இருட்டுவது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் உடனே உட்காருங்கள். “வீடு பக்கம்தான், போய்ப் பார்த்துக்கலாம்” என்று நடக்க வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் விலைமதிப்பில்லாத நேரம் போகிறது.

வீடு திரும்பியதும்

28. வாசலிலேயே ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். நெருஞ்சி முள் கோடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டு வரும். சீமைக் கருவேல முள் ஆழமாக இறங்கி, முனை ஒடிந்து, கரும்புள்ளியாக மட்டும் தெரியும். இரண்டு நாள் கழித்துப் பாதத்தைக் குத்தும்போதுதான் அது அங்கே இருப்பது தெரியும். பழைய இடுக்கியால் பிடுங்கி, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு திரியும் குழந்தைகளுக்கும் நல்லது.

29. நனைந்த ஷூவை வெயிலில் காய வைத்தால் பசை விட்டுப்போகும், வாஷிங் மெஷினில் போட்டாலும் அதே கதி. உள்மெத்தையையும் லேஸையும் கழற்றிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைத்தால் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். நாற்றத்துக்கு ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவை உள்ளே தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள்.

30. வியர்த்த டி-ஷர்ட்டைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போடாமல், துவைக்கும் வரை கொடியில் விரித்துப் போடுங்கள். அலசியும் வாடை போகாத செயற்கைத் துணியை, அரை வாளித் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் கலந்து 20 நிமிடம் ஊற வைத்து வழக்கம்போலத் துவைக்கலாம். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் மென்மையாக்கி திரவம் இந்தத் துணிகளுக்கு வேண்டாம், அது படிந்தால் துணி வியர்வையை உறிஞ்சாது. சாக்ஸில் ஒட்டிய நாயுருவி விதைகளைப் பழைய சீப்பால் ஒரே திசையில் வாரினால் உதிர்ந்துவிடும்.

31. ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மாவும் புரதமும் சேர்ந்த உணவு சாப்பிடுங்கள். இட்லியோடு ஒரு முட்டை, பாசிப்பயறு சுண்டல், கம்பங்கூழில் கெட்டி மோர் எதுவும் பொருந்தும். மோர் ஊற்றி உப்புப் போட்ட கூழில் வியர்வையில் போன நீரும் உப்பும் திரும்பக் கிடைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயில் காலத்தில் ஓடினால், ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக அளந்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்கலாம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைக் குடிக்க வேண்டாம்.

32. கணுக்கால் பிசகினால் முதல் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடமும் தைலம் போட்டு உருவுவதும் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தி, கிரேப் பேண்டேஜ் கட்டி, தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். நாலடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலி வராமல் தடுக்க, மாடிப்படி விளிம்பில் கைப்பிடியைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 15 முறை என்று வாரத்தில் இரண்டு நாள் செய்யுங்கள். மேடு ஏறிக் கால்களுக்குக் கிடைக்கும் பலத்தைச் சமதரையில் ஓடுகிறவர் வீட்டில்தான் சம்பாதிக்க வேண்டும்.

33. சமையலறை தினசரி காலண்டரில் அன்றன்றைக்கு ஓடிய நிமிடத்தை எழுதி, பக்கத்தில் ‘சுலபம்’, ‘சிரமம்’, ‘வலி’ என்று ஒரு சொல் போடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் கடுமையான உழைப்பு. மெதுவோட்டம் நாலு நாள் போனாலே அந்தக் கணக்கு தேறும், மீதி நாள் ஓய்வு. தொடர்ந்து இரண்டு தாளில் ‘வலி’ என்று வந்தால் மூன்றாம் நாள் கரைப்பக்கம் போகாதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று படித்துறை முழுக்க முளைப்பாரியும் சித்திரான்னமுமாகக் கூட்டம் நெரியும், அன்றைக்கும் ஷூவுக்கு விடுமுறை கொடுத்துவிட்டுத் தேங்காய்ச் சாதத்தோடு குடும்பத்துடன் போய் வாருங்கள்.